வெப் டெவலப்பருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா?

இணையதளத்தைச் சரிசெய்ய ஆள் வைத்ததும் பலர் செய்வது, சொந்த பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். வேலை முடிந்தாலும் அந்த மெசேஜ் அவர் போனிலேயே இருக்கும்.

தகவல் கசிந்தால் யார் பொறுப்பு?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ன்படி தளத்தை நடத்துபவரே பொறுப்பு. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ‘டெவலப்பர்தான் செய்தார்’ என்று கைகாட்ட முடியாது.

எப்படிக் கொடுப்பது?

வேர்ட்பிரஸ் தளம் என்றால், அவரது இமெயிலில் தனி யூசர் கணக்கு தொடங்கலாம். கட்டுரை ஏற்றுபவருக்கு ‘எடிட்டர்’ அனுமதியே போதும். பிளகின், தீம் மாற்றுபவருக்குத்தான் ‘அட்மின்’ தேவை. அதற்கு முன் முழு பேக்கப் எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது?

டொமைன் கணக்கை. தளம் அழிந்தால் பேக்கப்பிலிருந்து மீட்கலாம். டொமைன் கைமாறினால் முகவரியே போய்விடும். டிஎன்எஸ் மாற்றம் வேண்டுமா? அவர் சொல்லச் சொல்ல நீங்களே செய்துவிடலாம்.

வேலை முடிந்ததும்?

அவரது கணக்கை நீக்குங்கள். அவர் உருவாக்கிய பக்கங்களை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். உங்கள் கணக்குக்கு மாற்றாமல் ‘நீக்கு’ என்று கொடுத்தால், பக்கங்களும் சேர்ந்து போகும். ஹோஸ்டிங் பாஸ்வேர்டைப் பகிர்ந்திருந்தால், அதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.