அப்ரண்டிஸா, டிரெய்னியா, தொழிலாளியா?

இறுதியாண்டு வந்துவிட்டால் நம் பேச்செல்லாம் "எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம்?" என்பதோடு நின்றுவிடுகிறது. கையில் தரும் தாளில் நமக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

'அப்ரண்டிஸ்' என்றால் அதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1973-இல் வந்த திருத்தத்தால் டிப்ளமோக்காரர்களும் அதற்குள் வந்தோம். ஓராண்டுப் பயிற்சி, எழுத்தில் ஒப்பந்தம், அதற்கு முறையான பதிவு, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். ஆனால் அப்ரண்டிஸ் அந்தச் சட்டப்படி தொழிலாளி அல்ல. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவை உண்டு. ஓராண்டு முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கசப்புதான், ஆனாலும் ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு. கற்றுக்கொள்ளப் போகிறோம், அவ்வளவுதான்.

வில்லங்கம் 'டிரெய்னி'யில் இருக்கிறது. பல இடங்களில் ஒப்பந்தப் பதிவும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. முதல் வாரமே மெஷினில் நிறுத்தி, மூன்று ஷிப்டும் போட்டு, பக்கத்து மெஷின்காரர் எடுக்கும் அதே உற்பத்தியைக் கேட்கிறார்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர், மெக்கானிக்கல் டிப்ளமோ, ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. ஓட்டினார். ஒன்றரை வருடம் நெருங்கும்போது, "டிரெய்னிங் முடிஞ்சுது தம்பி, ரெண்டு மாசம் கழிச்சு வந்து புது பேப்பர்ல கையெழுத்துப் போடு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதென்ன ஒன்றரை வருடக் கணக்கு? தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. 480 நெருங்கும்போது வெளியே அனுப்பினால் தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது அவர்கள் கணக்கு. அண்ணனுக்கு இது தெரிந்தபோது வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் கைகொடுக்காது. ஐம்பது பேருக்குக் குறைவான பட்டறைகளுக்குப் பொருந்தாது. கட்டுமான வேலைக்கும் விலக்கு. நம் சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எழுதிய சட்டமல்ல!

தாளில் 'டிரெய்னி' என்று போட்டுவிட்டதாலேயே ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. வழக்கு என்று போனால், உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதையும் பார்ப்பார்கள். ஆனால் அதைக் காட்ட நம் கையில் காகிதம் வேண்டுமே? பே ஸ்லிப், அடையாள அட்டை, ஷிப்ட் பட்டியல், சம்பளம் ஏறிய பாங்க் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் நியமனக் கடிதம் தருவது கட்டாயம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

"ஆரம்பத்திலேயே சட்டம் பேசினா எவன்டா வேலை கொடுப்பான்?" என்கிறான் என் ரூம்மேட். அவன் பயம் நியாயமானது; வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிய வீடு அவனுடையது. முதல் நாளே சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும், நாட்களை எண்ணிக் குறித்து வைப்பதும் சண்டை ஆகாதே!

மூன்று வருடத்தில் லேத்தைக் கழற்றி மாட்டக் கற்றுத் தந்த கல்லூரியில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அடுத்த ஆறாவது செமஸ்டர் தொடங்குமுன், தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரை அழைத்து ஒரு வகுப்பு நடத்தும்படி நம் சங்கம் முதல்வரிடம் மனு கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.