வீங்கிய இலைக்காம்பு சொல்லும் சாட்சி

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காயே இல்லை. ஒரு சின்னக் குளவி ஓக் மரத்தில் முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கி உண்டாகும் உருண்டை அது. உள்ளே வளரும் புழுவுக்குச் சாப்பாடு, தங்குமிடம் இரண்டும் மரத்தின் செலவில்! (வாடகைப் பேச்சே கிடையாது.)

இந்த மாதிரி ஏற்பாடு எவ்வளவு பழசு? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நிலக்கரிக்கு நடுவே சுண்ணாம்புக் கல்லாக இறுகிப்போன பெரணி மரங்களின் இலைக்காம்புகள் கிடைத்தன. மரத்தின் பெயர் சரோனியஸ். வயது சுமார் 30 கோடி ஆண்டுகள். அப்போது டைனோசரும் இல்லை, பூக்கும் செடியும் இல்லை. காம்புக்குள் வீங்கிய திசு, அரித்த குழி, குழியில் புழுவின் எச்சம். 1996-ல் லபண்டேராவும் பிலிப்ஸும் இதை வெளியிட்டார்கள். முழு உருமாற்றம் அடையும் பூச்சியின் புழுதான் காரணம் என்பது அவர்கள் வாதம்.

புழுவே கிடைக்காமல் எப்படிச் சொல்லலாம் என்று கேட்பார்கள். பூச்சி எந்த இனம் என்பதில் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் நடந்தது என்ன என்பதற்கு உடலைவிட வீக்கம்தான் நல்ல சாட்சி. 2012-ல் இத்தாலியின் டோலமைட் மலைப் பகுதி அம்பரில் 23 கோடி ஆண்டு பழைய சிலந்திப்பேன்கள் இரண்டைப் பற்றி அறிவித்தார்கள். இன்று இலைகளை வீங்க வைக்கும் பேன்களுக்கு உறவு. உடல் இருக்கிறது, ஆனால் அவை மரத்தை வீங்க வைத்தனவா, வெறுமனே சாற்றை உறிஞ்சினவா? உடலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இல்லினாய் காம்பிலோ மரம் பதிலுக்கு என்ன செய்தது என்பதே பதிவாகியிருக்கிறது. குடியிருந்தவர்தான் அகப்படவில்லை.