ஆட்குறைப்புக்கும் ஆரூடமா?



"பட்டியல் தயாராகிவிட்டதாம்! பத்துப் பேரில் இருவர் போவராம்! தென்மாவட்டக் கிளைகள்தாம் முதலில் மூடப்படுமாம்!"

பெரிய நிதி நிறுவனம் ஒன்று தள்ளாடுகிறது என்ற செய்தி கிளம்பிய மறுகணமே, அங்குப் பணிபுரிவோர் நாவிலெல்லாம் இந்த "ஆம்" குடியேறிவிடுகிறது. சொன்னவர் யார்? தெரியாது. சான்று உண்டா? கிடையாது. காசு பிசகாமல் ஊரார் வட்டியைக் கணக்கிடும் பட்டதாரிகள், தம் வாழ்வின் கணக்கை மட்டும் வதந்தியிடம் ஒப்படைக்கின்றனர். அடுத்தது என்ன? சனிப்பெயர்ச்சிப் பலன், சாதகக் கட்டு, பரிகாரம்!

அச்சம் பொய்யன்று, அதை நாம் எள்ளவில்லை. வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் மாதச் சம்பளம் ஒன்றையே நம்பி வாழ்பவன் அஞ்சாது என் செய்வான்? ஆயினும், அச்சத்துக்கு மருந்து ஆரூடமா என்பதே நம் கேள்வி.

தொலைவில் தேட வேண்டா. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியே வடக்கே சென்றால் கரூர். அங்கே வணிகர் சிலர் கூடி 1926இல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. சிறு வணிகருக்கும் உழவருக்கும் கடன் கொடுத்து வளர்ந்த அவ்வங்கி, பின்னாளில் பெருநிறுவனங்களுக்கு வாரி வழங்கிற்று. விளைவு? 2020 மார்ச்சில், கொடுத்த கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு வராக்கடன்! 2019இல் இந்தியாபுல்ஸ் நிறுவனத்தோடு இணையப் பேச்சு எழுந்தது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020இல் கிளிக்ஸ் நிறுவனத்தோடு பேச்சு, அதுவும் கைகூடவில்லை. நவம்பர் 17இல், கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. நவம்பர் 27இல், சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைப்பும் முடிந்தது. பங்கு மூலதனம் முழுவதும் துடைத்தெறியப்பட்டது. இடையில் நின்றவர்கள் ஏறத்தாழ 4,000 பணியாளர்கள்.

அவர்கள் வேலை எதனால் நிலைத்தது? எந்தக் கோளின் கருணையால்? கோளுமில்லை, கருணையுமில்லை! பணியாளர்கள் அதே ஊதியத்தோடும் அதே பணிநிலையோடும் தொடர்வர் என்று இணைப்புத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதன் வேர், 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் மூடப்பட்டு, மக்கள் பணம் சிக்கிக் கண்ணீர் பெருகியபின், அதே ஆண்டு புதுக்கி எழுதப்பட்ட பிரிவு அது. "விதிதான் காப்பாற்றியது" என்பீரா? ஆம், விதிதான்! தலையில் எழுதிய விதியன்று. சட்டப் புத்தகத்தில் மனிதர் எழுதிய விதி!

அந்தப் பிரிவிலும் ஓர் ஓட்டையுண்டு. "தொழிலாளர்" என்ற சொல்லுக்குள் அடங்காதவர்களைப் பெயர் சுட்டி விலக்க அது இடமளிக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, நிர்வாகப் பணியாளரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரையும் "தொழிலாளர்" அல்லர் என்கிறது. உண்மையில் ஒருவர் செய்யும் வேலை எது என்பதே வழக்குமன்றத்தில் எடைபோடப்படும். ஆனால் "துணை மேலாளர்" என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தவுடன், "நான் கூலிக்காரன் அல்லன், சங்கம் எனக்கெதற்கு?" என்று நெஞ்சு நிமிர்த்துகிறானே இளைஞன், அவன் வழக்குமன்றம் வரை போவானா? சாதிப் பட்டம் சூட்டி உழைப்பாளரைப் பிரித்தது பழைய சூழ்ச்சி. பதவிப் பட்டம் சூட்டிப் பிரிப்பது புதிய சூழ்ச்சி!

இன்னொரு கூட்டமும் உண்டு. வாயிலில் நிற்கும் ஒப்பந்தக் காவலர், கூடம் பெருக்கும் அம்மையார், தரகுக்கு நகை எடைபோடும் மதிப்பீட்டாளர். இவர்களில் பலர் பணியாளர் பதிவேட்டிலேயே இல்லாதவர்கள். நாளை நிறுத்தப்பட்டால் அதற்கு "ஆட்குறைப்பு" என்ற பெயர்கூடக் கிடையாது. இவர்களுக்காக வதந்தியும் பரவுவதில்லை!

"சங்கம் சேர்ந்தால் முதல் வெட்டு எனக்கல்லவா?" என்று கேட்பர். தனித்தனியே நிற்பவனைத் தனித்தனியே வெளியேற்றுவது எளிதா, சேர்ந்து நிற்போரை வெளியேற்றுவது எளிதா? மேலிடம் மறைத்து வைப்பதால்தான் வதந்தி பிறக்கிறது. "யார் போவார்?" என்று நாம் கிசுகிசுக்கும் வரை, "ஏன் போக வேண்டும்? கடனை வாரி விட்டவர் யார்?" என்ற கேள்வி எழாது. அது எழாதிருப்பதே மேலிடத்தின் இலாபம்!

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். பூட்டைக் காதருகே குலுக்கி உள்ளிருப்பதை ஊகிப்பவன் தொழிலாளியல்லன். கழற்றிப் பார்ப்பவனே தொழிலாளி. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு வெளியிட்டாக வேண்டும். 2019 செப்டம்பரிலேயே லட்சுமி விலாஸ் வங்கியை ரிசர்வ் வங்கி கண்டிப்புக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த செய்தி ஊரறிந்தது. படிக்கத் தெரிந்தவனுக்கு ஆரூடம் எதற்கு?

ஆகவே இளைஞர்களே! கணக்கறிக்கையைப் படியுங்கள், சட்டத்தைப் படியுங்கள், காவலரையும் மதிப்பீட்டாளரையும் அழைத்துக்கொண்டு சங்கத்தில் சேருங்கள். பட்டியல் உண்டா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் காதோடு காதாகப் பேசினால் அது வதந்தி. பதினாயிரம் பேர் ஒரே குரலில் கேட்டால் அது கோரிக்கை!