பிற நிலத்தில் நம்மவர்: தோர்ணக்கல் அத்தியட்சர்

தில்லியிலிருந்து விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம் அன்பர்களுள் பெரும்பாலோர் தோர்ணக்கல் சந்திப்பைக் கடந்தே செல்கின்றனர். வாரங்கலுக்கும் விஜயவாடாவுக்கும் இடையே, சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் அது. கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்கும் பரபரப்பிலோ, உறக்கத்திலோ நாம் கவனியாது விட்டுவிடும் அவ்வூரில்தான், தாமிரபரணி நாட்டுத் தமிழர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே மண்ணோடு மண்ணானார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். ஆங்கிலத் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அச்சிற்றூரின் குருவானவர். 1889-இல் தந்தை மறைந்தார். வளர்ப்பும் படிப்பும் தாயாரின் கண்டிப்பிலும் உறவினர் துணையிலும் நடந்தேறின. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றாரேனும் பட்டம் பெறவில்லை. இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றமையே காரணம். பட்டத்தையே மனிதனின் அளவுகோலாகக் கொள்ளும் நம் வீடுகளில் இச்செய்தியைச் சிறுவர்களுக்குச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லலாம் என்றே தோன்றுகிறது.

1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைச் சேர்த்துக் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவரைச் சுட்டது. தலைமுறைகளாக வெள்ளையர் கொடுக்கப் பெற்று வந்த திருநெல்வேலித் திருச்சபை தானும் பிறர்க்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். அவ்வினாவின் விளைவே 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் உறுதி. அச்சங்கம் தெரிந்தெடுத்த களம் நைஜாம் சமஸ்தானத்தின் தெலுங்குப் பகுதி.

ஆட்களை அனுப்பிவிட்டு அறிக்கை படிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909-இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், சங்கச் செயலாளரின் பெரும்பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, தாமே தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். அந்த வயதில் தெலுங்கை எழுத்திலிருந்து தொடங்கினார். தாய்மொழிக்கு நிகராகப் பிரசங்கிக்கும் அளவு அதைக் கைவசமாக்கினார். வந்த ஊரில் இருபது ஆண்டு இருந்தும் காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்கு மேல் அவ்வூர் மொழி அறியாதவர் நம்மிடையே உளர். அவ்வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை ஒளிப்பானேன்?

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர் மிகச் சிலரே. அந்த அவையில் எழுந்து, தம்மை அழைத்த வெள்ளையரின் முகத்துக்கு நேரே அவர் பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் இந்தியா என்றும் மறவாது. ஏழைகளுக்கு ஈந்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். ஆயினும் எங்களோடு சமமாய் அமரும் நட்பைத் தரவில்லை. அதைத் தாருங்கள் என்பதே உரையின் சாரம். உதவி செய்பவன் மனத்திலும் உயர்வு தாழ்வு இருக்கக்கூடும் என்று உதவி பெற்ற இடத்திலிருந்தே சொல்வது எளிதன்று. சிலர் சினந்தனர், பலர் தலை குனிந்தனர்.

அவரை அத்தியட்சராக்க வேண்டுமென முயன்றவர் சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட். இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணியாற்றுவதா என்று எதிர்த்த வெள்ளையரும் இருந்தனர். நம்மவருள்ளும் எதிர்த்தோர் இருந்தனர். இவ்வளவையும் கடந்து 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. ஒரு கதவு திறந்துவிட்டதென நாடு மகிழ்ந்தது. ஆனால் அவர் மறைந்த 1945 வரை, ஒரு மாகாணத்தின் முழுப்பொறுப்பு வேறெந்த இந்தியருக்கும் ஆங்கிலத் திருச்சபையில் தரப்படவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒருவரையே சான்றாகக் காட்டிக் காலத்தை ஓட்டினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

தோர்ணக்கலில் அவரைச் சூழ்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊர்க் கிணற்றுக்கும் உரிமையற்றவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பேய்களெனக் கருதி, அவற்றை ஓட்டுவதும் குருவின் வேலையே என்றார். மாட்டுவண்டியில் ஊர் ஊராய்ச் சென்று, கிராம ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பெண்களிடையே வேலை செய்தவர் அன்பு மாரியம்மாள். சிறிதாகத் தொடங்கிய மாகாணம் கிருஷ்ணா, கர்நூல் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. அவருடைய இறுதிக்காலத்தில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். வழிபாட்டில் ஆங்கில இராகங்களை விடுத்துத் தெலுங்குக் கீர்த்தனைகளைப் புகுத்தினார். பல ஆண்டு உழைப்பில் எழுந்து 1939 ஜனவரி 6-இல் பிரதிஷ்டையான அவருடைய பேராலயத்தில் மசூதிக் குவிமாடமும் தாமரை செதுக்கிய தூண்களும் ஒன்றுகூடி நிற்கின்றன. இங்கிலாந்தின் கூரிய கோபுரத்தைத் தேடுவோர் அங்கே ஏமாறுவர்.

காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. ஒடுக்கப்பட்டோர் கூட்டங்கூட்டமாய் மதம் மாறுவதை அடிகள் ஏற்கவில்லை. தம் வாழ்வைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது அசரியாவின் வாதம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதை நேயர்கள் ஆய்ந்துகொள்க. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும்: கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி என்ற சலுகையை அவர் விரும்பவில்லை, அது தம் மக்களை நாட்டினின்று பிரித்துவிடும் என எதிர்த்தார். சலுகை தேடி வந்தவர் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் பல சபைக் குருமார் கூடி, பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்றாக்க வேண்டுமென அறிக்கை வெளியிட்டனர். அதை முன்னின்று நடத்தியவருள் அவரும் ஒருவர். அன்று முதல் கால் நூற்றாண்டு அதற்காக வாதாடினார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உதயமானபோது அவர் மறைந்து இரண்டாண்டு, எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன.