நூலகத்தில் இன்னுமொரு கதிரை வேண்டும்

போன வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் 120 வினாக்கொத்துகள் இரண்டு மாதமாகக் கிடந்தன. சாப்பிடும்போது அவற்றை ஒதுக்கி வைப்பதும், பிறகு திரும்ப எடுத்து வைப்பதும் எனது வேலை. அவை என் மூத்த ராத்தாவுடையவை. ராத்தா அப்போது அரச பல்கலைக்கழகம் ஒன்றில் சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்கான இறுதி வருடத்தில் இருந்தார். மருதமுனையில் கைத்தறி நெசவை இளம் பெண்கள் ஏன் கைவிடுகிறார்கள் என்பதே அவரது ஆய்வேட்டின் தலைப்பு.

விடுமுறையில் நானும் ராத்தாவோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தறியில் இருந்து எழும்பாமலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாமியிடம் ராத்தா எட்டாவது கேள்வியை வாசித்தார். "கைத்தறித் தொழிலில் உங்களுக்குப் போதிய வருமானமும் மனத்திருப்தியும் கிடைக்கிறதா?" ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று பெட்டிகள். மாமி தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வருமானம் இல்ல மகள். ஆனா திருப்தி இரிக்கி. இப்ப எதுக்கு அடையாளம் போடப் போறீங்க?"

ராத்தா சற்று யோசித்துவிட்டு 'ஓரளவு' என்பதில் அடையாளமிட்டார். நான் சிரித்தேன். அது சிரிக்கிற விடயம் அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. 120 பேருடைய பதிலையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் யாருக்கு வருமானம் இல்லை, யாருக்குத் திருப்தி இல்லை என்று பிரித்தறிய முடியாது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. ராத்தா பெயர்களை எடுத்தது நெசவாளர் சங்கம் ஒன்றின் பட்டியலில் இருந்து. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் இன்னும் நெய்கிறவர்கள். ஆய்வோ நெசவைக் கைவிட்டவர்களைப் பற்றியது! கைவிட்ட ஒருத்தியிடம்கூட நாங்கள் பேசவில்லை.

இந்த இரண்டு பிழைகளையும் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியர் தேவையில்லை. ஆய்வு முறையியலைக் கொஞ்சம் படித்த ஒருவர் வினாக்கொத்து அச்சாகும் முன் பதினைந்து நிமிடம் அதைப் பார்த்திருந்தால் போதும். அந்தப் பதினைந்து நிமிடம் ராத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. போட்டோகொப்பிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். எஸ்.பி.எஸ்.எஸ். பகுப்பாய்வு செய்து தரப்படும் என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி இலக்கம். ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போது ராத்தா அந்த இலக்கத்துக்கு எடுத்தார். 28,000 ரூபா கேட்டார்கள். உம்மாவின் சீட்டுக் காசு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. வாப்பாவுக்கு விடயம் முழுவதும் சொல்லப்படவில்லை. கம்பஸ் செலவு என்று மட்டும் சொன்னோம். (இதை எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். எழுது, வாப்பாவுக்கு இப்போது தெரியும் என்றார்.)

நான்கு நாட்களில் அழகான அட்டவணைகளும் நிறம் நிறமான வரைபுகளும் வந்தன. ராத்தா அவற்றை ஆய்வேட்டில் சேர்த்து, கட்டிக் கொடுத்தார். வாய்மொழிப் பரீட்சையில் கேட்ட முதலாவது கேள்வி, கைவர்க்கச் சோதனையை ஏன் தெரிவு செய்தீர்கள் என்பது. இரண்டு விடயங்களுக்கிடையே உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, அல்லது தற்செயலாக அப்படித் தெரிகிறதா என்று பார்க்கிற சோதனை அது. இன்று ராத்தா எனக்கு அதைச் சொல்லித் தருகிறார். அன்று அந்த அறையில் அவருக்கு வாய் திறக்க முடியவில்லை. சித்தியடைந்தார், ஆனால் எதிர்பார்த்த வகுப்புக் கிடைக்கவில்லை. அன்றிரவு அவர் சொன்ன ஒரு வசனம் எனக்குள் இன்னும் இருக்கிறது. "வீடு வீடா நடந்தது நான். ஆனா என்ட ஆய்வு எனக்கே வெளங்கல்ல."

ராத்தா மேற்பார்வை விரிவுரையாளரிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையே கேட்டேன். அந்த சேர் நல்லவர், தலைப்பைத் திருத்தித் தந்தவரும் அவர்தான். ஆனால் அவருக்குக் கீழே வேறு பல மாணவர்களும் இருந்தார்கள், விரிவுரைகளும் இருந்தன. அதைவிட முக்கியமான காரணத்தை ராத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டாம் வருடத்தில் படித்த ஒன்றை இறுதி வருடத்தில் போய்த் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். மதிப்பெண் போடப்போகிறவரிடம் அறியாமையைக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? நமது வகுப்பறையில்கூட டீச்சரிடம் கேட்காததைப் பக்கத்தில் இருக்கிற தோழியிடம் கேட்கிறோம் அல்லவா?

ராத்தா தடுமாறிய நாட்களில் இரவிரவாக இணையத்தில் தேடுவார். அப்படித் தேடும்போது நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பொப்ஸ்ட் நூலகத்துக்கு உரிய வழிகாட்டிப் பக்கங்கள் கிடைத்தன. அந்த நூலகத்தில் தரவுச் சேவை என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. அங்கே உதவி செய்கிறவர்களில் பட்டப்பின்படிப்பு மாணவர்களும் இருக்கிறார்கள். தமது சொந்த ஆய்வைச் செய்துகொண்டே வாரத்தில் சில மணித்தியாலங்கள் நூலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். ஒருவருக்குப் புள்ளிவிபரவியல் தெரியும், இன்னொருவருக்கு நேர்காணல்களைப் பகுத்தாராயத் தெரியும், மற்றொருவருக்குத் தரவுகளை வரைபடத்தில் இடத் தெரியும். மாணவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அவர்கள் வழிகாட்டுவார்களே தவிர, ஆய்வைச் செய்து கொடுக்க மாட்டார்கள்.

இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அது நமது பல்கலைக்கழக நூலகங்களிலும் வர வேண்டும் என்பதே எனது கருத்து. பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, ஒரு கணினி, ஆய்வு முறையியல் தெரிந்த ஒரு மூத்த மாணவர் அல்லது மாணவி, எதிரே ஒரு கதிரை. ஒரு நிபந்தனையும் வேண்டும். வினாக்கொத்தை அச்சடிக்கும் முன் ஒவ்வொரு இறுதி வருட மாணவரும் அந்தக் கதிரையில் ஒருமுறையாவது உட்கார்ந்து எழும்ப வேண்டும். தரவு சேர்ந்த பிறகு வருகிற உதவி பிழையைத் திருத்தாது, பிழையை அழகாக்கும். ராத்தாவின் நிறம் நிறமான வரைபுகள் செய்தது அதைத்தான்.

வேறு பயன்களும் உண்டு. எஸ்.பி.எஸ்.எஸ். 1968இல் உருவான மென்பொருள், இன்று ஐ.பி.எம். நிறுவனத்துக்குச் சொந்தமானது, விலைக்கு வாங்க வேண்டியது. ஆனால் 1990களில் நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரு புள்ளிவிபரவியலாளர்கள் தொடங்கிய 'ஆர்' என்ற மென்பொருளை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ராத்தா அதன் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த மேசையில் தமிழில் பேசுகிற ஒருவர் இருந்தால் அது இன்னும் பெரிய உதவி. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலக் கட்டளைகளுக்கு முன்னால் உட்காரும்போது வருகிற பயம் பாதிக்குப் பாதி மொழிப் பயம்தான்.

28,000 ரூபா வாங்கிய அந்த மனிதர் மீது எனக்கு முதலில் கடும் கோபம் இருந்தது. பிறகு ராத்தா ஒன்று சொன்னார். அவரும் ஒரு பட்டதாரி, முதல் தரத்தில் சித்தியடைந்தவர், பட்டம் எடுத்த நாளிலிருந்து நிரந்தர வேலை இல்லை. எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவரிடம் அறிவு இருந்தது. அந்த அறிவை விற்பதற்குக் கடைச் சுவர் மட்டுமே இருந்தது. அதே மனிதரை நூலகத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்திருந்தால் ராத்தா மாணவியாக இருந்திருப்பார், வாடிக்கையாளராக அல்ல.

இதற்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாடு இருக்கிற நிலையில் நியாயமான கேள்விதான். ஆனால் பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் உம்மாவின் சீட்டைப் போல எத்தனையோ வீடுகளில் சத்தமில்லாமல் போகிறது. அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை, ஆகவே அது செலவாகவே தெரிவதில்லை.

இன்னொரு சிக்கலையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் முதுகலைமாணி படிப்பவர்களில் பலர் கிழமை நாட்களில் எங்கேயோ வேலை செய்துகொண்டு, வார இறுதியில் வகுப்புக்கு வருகிறவர்கள். நியூயோர்க்கில் போல அவர்களை நூலகத்தில் உட்கார வைப்பது எளிதல்ல. அப்படியானால் சனி, ஞாயிறில் ஆரம்பிக்கலாம். முதுதத்துவமாணி ஆய்வு செய்பவர்களையும், திறமைச் சித்தி பெற்று வெளியேறிய புதிய பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்கள் தற்காலிக உதவி விரிவுரையாளர்களை எடுப்பதில்லையா? நூலகத்துக்கும் இரண்டு பேரை எடுப்பது நடக்கவே முடியாத காரியம் அல்ல.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். எதிர்காலத்தில் இப்படியான ஒரு வேலையைத்தான் செய்ய விரும்புகிறேன் என்று நான் பெருநாள் அன்று சொன்னபோது, "லைப்ரரியில புத்தகம் அடுக்கவா ஒன்ன படிக்க வெக்கிற?" என்று சாச்சி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் சமாளித்துவிட்டேன்.

அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். இந்தியாவில் நூலகவியலின் தந்தை என்று போற்றப்படுகிறவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டபோது அந்த வேலை அவருக்கே பிடிக்கவில்லை, திரும்பக் கணிதம் கற்பிக்கவே போய்விட நினைத்தார். பிறகு இலண்டனுக்குப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்ததும் அவரது பார்வை மாறியது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. இரண்டு மாதம் எங்கள் மேசையில் கிடந்த அந்த வினாக்கொத்துகளைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு. நமது அரச பல்கலைக்கழகங்களிலும் உதவி நூலகர்கள் கல்விசார் ஆளணியைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சாச்சிக்கு யாராவது சொன்னால் நல்லது.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த வேலைக்கு இன்னுமொரு வசதி இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே வேலை, பகல் நேரம், மஃரிபுக்கு முன் விடுதிக்குத் திரும்பிவிடலாம். பட்டம் முடிந்ததும் மேலே படிக்க விருப்பம் இருந்தும், செலவை நினைத்து வீட்டோடு இருந்துவிட்ட ராத்தாமார் எங்கள் ஊரில் எத்தனை பேர்! மாதம் சிறு தொகை கையில் வந்தால் அவர்களில் சிலராவது முதுகலைமாணிக்குப் பதிந்திருப்பார்கள். ஆய்வு செய்யத் தெரிந்த ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த தெருப் பிள்ளையின் ஆய்வுக்கு வெளியே காசு கொடுக்கிறோம்.

அடுத்த தெரு என்று சும்மா எழுதவில்லை. போன மாதம் இறுதி வருடம் படிக்கிற ஒருவர் ராத்தாவைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு பக்க வினாக்கொத்து. நாளைக்குப் போட்டோகொப்பி எடுக்கப் போவதாகச் சொன்னார். ராத்தா அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஆறாவது கேள்வியில் பென்சில் நின்றது.

"இதில ரெண்டு கேள்வி இரிக்கி" என்றார் ராத்தா. உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார்.