வைக்கோலில் இருக்கிறது லாபம்!

ஆஸ்திரேலியாவில் இறைச்சிக்கென்றே மந்தை மந்தையாக மாடு வளர்க்கிறார்கள். இரண்டு, மூன்று வயதிலேயே விற்றுக் காசாக்குகிறார்கள். நம் ஊரில் அது நடக்குமா?

நடக்காது. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் மாட்டை வெட்டச் சான்றிதழ் வேண்டும். அது 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது ஊனத்தாலோ தீராத நோயாலோ பயனற்றுப் போயிருக்க வேண்டும். ஆகவே, உயிரோடு இருக்கும்போதே மாடு தன் செலவைச் சம்பாதித்துத் தந்தாக வேண்டும்!

லாபத்தைத் தின்பது எது?

தீனிச் செலவுதான். காத்திவாக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைகள். மேயப் புல் ஏது? விலைக்கு வாங்கும் வைக்கோலே கதி. அதிலோ சத்து குறைவு.

இதற்கு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு ஆறவிட்டுக் கொடுக்கலாம். வைக்கோலில் புரதம் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஜாக்கிரதை! கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே, நேரில் பார்த்துக் கற்பதே நல்லது. 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அருகே மாதவரத்தில்தான் இருக்கிறது. அதன் பயிற்சி மையங்கள் விவசாயிகளுக்குச் சொல்லித் தருகின்றன.

தீனி வைப்பதும் தொழுவம் கூட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். பயிற்சிக்கு ஆண்கள் மட்டும் போனால் போதுமா? வீட்டுப் பெண்களும் போகட்டும்!