ஆளுக்கு ஒரு வாய்

இந்த வாரத் தபாலில் வந்த கடிதம் ஒன்று என் மனத்தை வெகுவாகச் சங்கடப்படுத்திவிட்டது. எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர், இப்பத்தியை நெடுநாளாகப் படித்து வருகிறவர், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பற்றி முன்பு நான் எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த உரிமையில் தம் வீட்டு லாப்ரடார் நாயின் புகைப்படத்தையும் உடன் வைத்து அனுப்பியிருக்கிறார். நாயின் எடை 38 கிலோவாம். 30 கிலோ இருந்தால் போதும் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு வந்த நாள் முதல் வீட்டில் இரண்டு கட்சிகள். ‘வாயில்லா ஜீவனின் வயிற்றில் அடிப்பதா?’ என்று கேட்ட கட்சி சில வாரம் ஜெயித்து, முன்னிலும் அதிகமாகவே ஊட்டியிருக்கிறது. பிறகு நாய் மாடிப்படியில் பாதி ஏறி, நாக்குத் தொங்க அங்கேயே படுத்துவிட்டதைக் கண்டு மற்றக் கட்சியின் கை ஓங்கி, இரண்டு நாள் வெறும் தண்ணீரை வைத்துப் பட்டினி போட்டிருக்கிறார்கள். இதில் எது சரி என்று கேட்கிறார் நண்பர்.

இரண்டும் சரியல்ல என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்த இரண்டு அபிப்பிராயங்களும் அந்த ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியவை அல்ல. பருத்த பிராணியைக் கண்டால் ‘நல்ல புஷ்டி’ என்று மெச்சுகிறோம். அது வியாதி என்று விஷயம் தெரிந்தவர் சொல்லிவிட்டால், அந்தப் பிராணியே குற்றம் செய்துவிட்டதுபோல் அதைத் தண்டிக்கப் புறப்படுகிறோம். சிகிச்சையோ நிதானமாக, கிரமமாக, மாதக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம்.

முதலில், பருமன் என்பதை எப்படி அறிவது? அனுபவமுள்ள வைத்தியர் தராசை மட்டும் நம்புவதில்லை. நாயின் பின்புறம் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் விலாவின் இருபுறமும் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்க்கிறார். நீட்டிய கையின் புறங்கையைத் தடவினால் விரலெலும்புகள் எவ்வளவு தட்டுப்படுகின்றனவோ அவ்வளவு விலாவெலும்பு தட்டுப்பட்டால் தேகம் சரியாக இருக்கிறது. மடக்கிய முஷ்டியின் கணுக்கள்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே தெரியாமல் மெத்தென்றிருந்தால் பருமன். மேலிருந்து நோக்கினால் இடை குறுகியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்து நோக்கினால் வயிறு பின்கால்களை நோக்கி மேலேறியிருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நாய்க்கு 4 அல்லது 5 இருந்தால் நல்ல தேகம். நண்பர் அனுப்பிய புகைப்படத்தில் முதுகு ஒரு மேசையாக இருந்தது; இடை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகாரத்தைக் குறைப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தைராய்டு சுரப்பி மந்தப்பட்டாலும் நாய் பருக்கும். அப்போது சோற்றைக் குறைத்து மாத்திரம் பிரயோஜனமில்லை. கருத்தடை செய்த பிராணிக்கு முன்னைவிடக் குறைந்த ஆகாரமே போதும் என்பதும் பல வீடுகளில் தெரிவதில்லை. எடை இறங்குவது வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கோவை நண்பரின் நாய்க்கு அது ஏறக்குறைய 400 முதல் 700 கிராம். எட்டுக் கிலோ இறங்க நான்கைந்து மாதம் பிடிக்கும். அதற்கு மேல் ஆனாலும் பாதகமில்லை. பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வழக்கமான தீவனத்தையே பாதியாக்கினால் புரதமும் தாதுச் சத்துகளும் சேர்ந்து பாதியாகிவிடும். எடை குறைப்பதற்கென்றே தயாரித்த தீவனத்தை வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பது இதனால்தான். பூனை விஷயம் இன்னும் கவலைக்குரியது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே தேகத்திலுள்ள கொழுப்பு ஈரலில் போய்த் தங்கி உயிருக்கு அபாயமாகிவிடும். ஆகவே ‘பசித்தால் தானே தின்னும்’ என்ற வாக்கியத்தைப் பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து மறந்துவிட வேண்டும். நடையைக் கூட்டுவதும் படிப்படியாகத்தான். நம் ஊர் வெயில் பருத்த நாய்க்கு ஆகாது. விடியற்காலையில் தெருமுனை வரை போய்வந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

பிஸ்கட்டின் மேல் எனக்குள்ள விரோதம் இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதிதன்று. இம்முறை அதற்குத் தக்க முகாந்தரம் இருப்பதால் மீண்டும் சொல்கிறேன். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் கூடிய அந்தப் பண்டத்தில் நாய்க்குத் தேவையானது எதுவுமே இல்லை. டீக்கடையில் கண்ணாடி ஜாடியின் மூடியைத் திருகும் சப்தம் கேட்டதும், எதிர்ச் சாரியில் படுத்திருக்கும் தெருநாய்கள் எழுந்து சோம்பல் முறித்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிறவரின் கருணையில் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. ஆனால் அது எங்கும் கிடைக்கிறது, கையில் ஒட்டுவதில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், கொடுத்த மாத்திரத்தில் வால் ஆடுவதைப் பார்க்கலாம் என்ற சௌகரியங்களெல்லாம் கொடுப்பவருக்கே உரியவை. கொழுப்பு மாத்திரம் வாங்குகிறவனுக்கு. கணக்கும் பார்ப்போம். 30 கிலோ எடைக்கு வர வேண்டிய நாய்க்கு, இளைக்கும் காலத்தில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்தில் போகலாகாது என்பது வைத்தியர்களின் விதி. மாரி பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. நான்கு கொடுத்தால் அன்றைய வரம்பு தாண்டியாயிற்று. கொடுத்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால் வெள்ளரித் துண்டு கொடுங்கள், வேகவைத்த பீன்ஸ் கொடுங்கள், காரட் கொடுங்கள். திராட்சையும் வெங்காயமும் மாத்திரம் ஒருபோதும் வேண்டாம். அவை நாய்க்கு விஷம்.

லாப்ரடாரை வைத்தே இந்த விஷயத்தில் அருமையான ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பியூரினா என்ற தீவன நிறுவனத்தார் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்று தின்பதைவிடக் கால் பங்கு குறைவாக மற்றொன்றுக்குக் கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுவாதத்துக்கு வைத்தியம் தேவைப்பட்ட வயதும் ஏறக்குறைய மூன்று ஆண்டு தள்ளிப்போயிற்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே கூரையின் கீழ் வளர்ந்த உடன்பிறப்புகளில் ஒன்று நொண்டிக்கொண்டிருக்க மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் படித்தபோது, அன்பென்று எண்ணி நாம் தட்டில் கூட்டிப் போடுகிற ஒவ்வொரு பிடியும் எங்கே போய்ச் சேருகிறது என்று நினைத்து வருந்தினேன். லாப்ரடாரின் பசிக்கு வேறொரு காரணமும் உண்டு. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016-இல் கண்டறிந்தபடி, அந்த ஜாதி நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு சிறு பகுதி பிறவியிலேயே இல்லை. அது சாப்பிட்டு முடித்த பிறகும் கெஞ்சுகிறது என்றால் அதில் வேஷம் இல்லை. அதற்குப் பசிக்கத்தான் பசிக்கிறது.

நண்பரின் கடிதத்தில் அவர் முக்கியமென்று கருதாமல் எழுதிய ஒரு பகுதியே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. நாய்க்கு யாரும் அதிகமாகக் கொடுப்பதில்லை என்று நிரூபிப்பதற்காக ஒரு ஜாபிதா தந்திருக்கிறார். காலைக் காப்பியோடு தாத்தா இரண்டு பிஸ்கட். பள்ளிக்கூடம் கிளம்பும்போது மகள் ரொட்டியின் ஓரம். பாட்டி தயிர் சாதத்தில் கடைசிப் பிடி. சமையற்கார அம்மாள் முதல் தோசை. கீழே காவற்காரர் பன்னில் பாதி. இதற்குமேல் நண்பரே வைக்கும் இரண்டு வேளைத் தீவனம். கொடுக்கிறவர் ஒவ்வொருவரும் சத்தியமாகக் கொஞ்சந்தான் கொடுக்கிறார். ஆளுக்கு ஒரு வாய். ஆனால் வாங்குகிற வாய் ஒன்றே. இதற்கு நான் அறிந்த நல்ல உபாயம், அன்றைய ஆகாரம் முழுவதையும் காலையிலேயே எடை போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, யார் கொடுப்பதானாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பது. தாத்தாவின் பிரியத்துக்கும் பங்கமில்லை. பாட்டியின் மனமும் நோகாது. டப்பா காலியானால் அன்றைய கொடை முடிந்தது.

கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ‘ஆளுக்கு ஒரு வாய்’ என்று எழுதிய மாத்திரத்தில் என் நினைவு நாயை விட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. காந்திமதியை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நெல்லையப்பர் கோயில் யானை அவள். அம்பாளின் திருநாமத்தையே தாங்கியவள். டவுனில் வளர்ந்தவர்களுக்கு யானைக்குப் பழம் கொடுப்பது எழுத்தறிவிப்புக்கு முந்திய சடங்கு. ஆசிய யானையின் துதிக்கை நுனியில் மேற்புறம் மாத்திரம் விரல் போன்ற ஒரு சதை நீட்சி உண்டு. பழத்தையும் காசையும் ஒரே உள்ளங்கையில் வைத்து நீட்டினால், சூடான ஈர மூச்சு கையில் படர, அந்த ஒற்றை விரல் தயங்கித் துழாவிக் காசைப் பிரித்தெடுத்துப் பாகன் கையில் சேர்த்துவிட்டு, மறுபடி வந்து பழத்தைச் சுருட்டிக்கொண்டு போகும். அந்த ஸ்பரிசத்துக்காகவே சீப்புச் சீப்பாக வாங்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள். பசுவுக்கு ஒரு வாய் கொடுப்பதை எல்லோருக்கும் இயன்ற தர்மமாகத் திருமந்திரத்தில் வைத்தார் திருமூலர். ஏழைக்கும் இயலும் என்பதே அதன் மேன்மை. ஊரில் பசு பல உண்டு. கோயிலில் யானை ஒன்றே. திருவிழா நாளில் ஆயிரம் பேரின் தர்மம் அந்த ஒரே வாய்க்குள் போகிறது.

காட்டு யானை ஒரு நாளில் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கிறது. புல்லும் இலையும் பட்டையுமாக 150 கிலோவுக்கு மேல் தின்றும் அதில் பாதிகூட ஜீரணமாவதில்லை. அதனால்தான் ஓயாமல் நடந்துகொண்டும் மென்றுகொண்டும் இருக்கும்படியாக அதன் தேகம் அமைந்திருக்கிறது. அந்தத் தேகத்தைக் கல் தரையில் கட்டி நிறுத்தி, வடித்த சோற்றுக் கவளமும் வெல்லமும் தேங்காயும் பழமும் கொடுத்தால், மெல்ல வேண்டிய வேலை குறைந்து, நடக்க வேண்டிய அவசியம் மறைந்து, சக்தி மாத்திரம் குவிகிறது. வளர்ப்பு யானைகளை வாட்டும் வியாதிகளில் பாத நோயும் மூட்டு நோயும் முன்வரிசையில் நிற்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

காந்திமதியும் இதற்கு விலக்காகவில்லை. எடை மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் எச்சரித்ததன்மேல், ஆகாரத்தை ஒழுங்குபடுத்தி, தினந்தோறும் நடக்கவைத்து, ஆறு மாதத்தில் ஏறக்குறைய 150 கிலோ குறைத்தார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் படித்தேன். எண்ணிப் பாருங்கள்: யானையின் எடையில் அது ஒரு சிறு விகிதந்தான், கோவை நாய்க்கு வைத்தியர் விதிக்கும் வேகத்தைவிடவும் மிக மெதுவானது. நாலு டன் தேகத்தை அவசரப்படுத்தாமல், பசியால் வாட்டாமல், நடைக்கு நடை இறக்கிய அந்தப் பொறுமையை நான் மனமாரப் போற்றுகிறேன். 2022-இல் பக்தர்கள் அவளுக்குத் தோல் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். நான்கு செருப்புகள், தட்டுத் தட்டாக. வலிக்கிற மூட்டுக்கும் கல் தரைக்கும் நடுவே ஒரு மெத்தையை வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே, அதுவல்லவா நைவேத்தியம்! பழச் சீப்பைவிட நூறு மடங்கு நல்ல காணிக்கை அது என்பது என் அபிப்பிராயம். 2025 ஜனவரியில், படுத்தவள் எழுந்திருக்க முடியாமல் உயிர் நீத்தாள். வயது ஐம்பது கடந்து நெடுநாளாகியிருந்தது. டவுன் ஜனங்கள் திரண்டு வந்து அழுதார்கள்.

யானைகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம் கோயில்களுக்குப் புதியதன்று. 2003-இல் முதுமலை தெப்பக்காட்டில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் ஒரு மண்டலம், 48 நாள், நடந்து வந்த புத்துணர்வு முகாம்களில், வந்து சேரும்போதும் விடைபெறும்போதும் ஒவ்வொரு யானையையும் எடைமேடையில் ஏற்றிக் குறித்துக்கொண்டார்கள். ஆற்றில் குளியல், மண் தரையில் நடை, கொள்ளும் கேழ்வரகும் பசுந்தீவனமும் மருத்துவர் அளந்தபடி. எடை என்பது முகாமுக்கு மாத்திரம் உரிய விஷயமாக இருப்பானேன்? கோயில் யானையைக் காண வருகிறவர்களுக்கு அது தெரிந்திருந்தால் அவர்களுடைய கை தானே நிதானப்படும் என்று நான் நம்புகிறேன்.

ஆகையால் யோசனை ஒன்று. யானைக் கொட்டில் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கட்டும். அதில் சென்ற மாதத்து எடை, இம்மாதத்து எடை, மருத்துவர் விரும்பும் எடை, இன்று போட்ட தீவனம், இன்று நடந்த தூரம் ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடத்திலேயே பசுந்தீவனத்துக்கென்று ஒரு சீட்டு கிடைக்கட்டும். பழம் வாங்கும் பணம் அதில் போகும். துதிக்கையைத் தொட வேண்டும் என்று குழந்தை ஆசைப்பட்டால், பாகனின் கூடையிலிருந்து ஒரு சோளத்தட்டையை எடுத்துக் கொடுக்கலாம். அந்தக் கூடை அன்றைய தீவனக் கணக்கிலேயே சேர்ந்ததாக இருக்க வேண்டும். அறநிலையத் துறை அதிகாரிகள் யாரேனும் இதைப் படிப்பார்களானால், முதற் பலகைக்கும் ஓராண்டுச் சுண்ணக்கட்டிக்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.